சாணி, சோகை, உமி: வேலூர்ப் பக்கத்துக் கிராமங்களில் எரிவாயு பற்றி அடிக்கடி வரும் கேள்விகள்

பழைய வடாற்காடு இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நான்கு மாவட்டம். ஆனால் சாணியைத் தொட்டியில் ஊற்றி அடுப்புக்கு வாயு எடுக்கும் கோபர் கேஸ் பற்றியும், மற்ற கழிவுகளை எரிபொருளாக்குவது பற்றியும் வரும் கேள்விகள் எல்லா இடத்திலும் ஒன்றுதான். குடியாத்தத்தில் கேட்பதைத்தான் போளூரிலும் கேட்கிறார்கள். அடிக்கடி வருவதை இங்கே எழுதிவைக்கிறேன். சில பதில்கள் நீளும், சில ஒரு வரியில் முடியும்.

எங்க வீட்ல ரெண்டு மாடு இருக்கு. கோபர் கேஸ் போடலாமா?

மாட்டை எண்ணாதீர்கள், சாணியை எடை போடுங்கள். ஒரு வாரம் தினமும் காலையில் தொழுவத்தில் வாரும் சாணியைப் பழைய பெயின்ட் வாளியில் அள்ளி, தராசில் தொங்கவிட்டு எழுதிக்கொண்டு வாருங்கள். அணைக்கட்டுப் பக்கம் ஓர் அம்மாவிடம் இதைச் சொன்னபோது, "இன்னா தம்பி, சாணியப் போயி யாராவது நிறுத்துக்கினு இருப்பாங்களா?" என்று சிரித்தார். நிறுத்துப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். நாட்டு மாடு நாளைக்கு ஏறக்குறைய 10 கிலோ போடும், கலப்பினப் பசு அதைவிடக் கூடுதலாகப் போடும். ஆனால் ஏரிக்கரையில் மேயவிட்டால் பாதிச் சாணி ஏரிக்கரையோடு போய்விடும். தொட்டிக்கு வருவது தொழுவத்தில் விழுவது மட்டும்தான்.

கணக்கு இது: ஒரு கிலோ பச்சைச் சாணி சுமார் 40 லிட்டர் வாயு தரும். நாளைக்கு ஒரு கன மீட்டர் வாயு வேண்டுமென்றால் 25 கிலோ வேண்டும், இரண்டு கன மீட்டருக்கு 50 கிலோ. கட்டிப்போட்டு வளர்க்கும் இரண்டு கறவைப் பசு இருந்தால் ஒரு கன மீட்டர் தொட்டி ஓடும். இரண்டு கன மீட்டருக்கு ஆசைப்பட்டால் நான்கு மாடாவது வேண்டும். பெரிய தொட்டி கட்டிவிட்டுப் பாதி வயிற்றுக்குப் போட்டு ஓட்டுவதைவிட, சின்னதாகக் கட்டி நிரம்ப ஓட்டுவது மேல்.

ஒரு கன மீட்டர்னா எவ்வளவு? சிலிண்டர் கணக்குல சொல்லுங்க.

ஒரு கன மீட்டர் சாண வாயு, 430 கிராம் சமையல் கேஸுக்குச் சமம். மாதம் முழுக்கத் தடங்கலில்லாமல் வந்தால் கிட்டத்தட்ட 13 கிலோ. வீட்டுச் சிலிண்டரில் இருப்பது 14.2 கிலோ. ஆக, ஒரு கன மீட்டர் தொட்டி மாதத்துக்கு ஒரு சிலிண்டரை நெருங்கும், தாண்டாது. ஓர் ஆளுக்கு ஒரு நாள் சமையலுக்குக் கால் கன மீட்டருக்குச் சற்று மேலே ஆகும். நான்கு பேர் வீட்டுக்கு ஒரு கன மீட்டர் இழுத்துப்பறித்துச் சரியாக இருக்கும். விருந்தாளி வந்தால் சிலிண்டரையும் பற்றவைக்க வேண்டும். இதை முன்பே சொல்லாமல் "இனி கேஸே வாங்க வேணாம்" என்று விற்கிறவர்கள்மேல் எனக்குக் கோபமுண்டு.

உள்ளே என்னதான் நடக்குது?

மாட்டின் இரைப்பையில் நடப்பதுதான் தொட்டிக்குள்ளும் நடக்கிறது. காற்றுப் படாத இடத்தில் நுண்ணுயிர்கள் சாணியில் மிச்சமிருக்கும் சத்தைத் தின்று, முதலில் அமிலமாக்கி, பிறகு அந்த அமிலத்தை மீத்தேனாக மாற்றுகின்றன. வெளியே வரும் வாயுவில் 55 முதல் 65 சதவீதம் மீத்தேன், மீதியில் பெரும்பகுதி கரியமில வாயு, கொஞ்சம் அழுகிய முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு. மீத்தேன்தான் எரியும், மற்றது கூடவே வரும்.

அமிலமாக்கும் கூட்டம் வேகமாக வேலை செய்யும், மீத்தேன் கூட்டம் மெதுவாகச் செய்யும். இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் பாதிக் கோளாறுகளுக்குக் காரணம் தானாக விளங்கும். மெதுவான கூட்டத்துக்கு 35 டிகிரிச் சூடு பிடிக்கும், 20க்குக் கீழே சோர்ந்துவிடும். நம் பக்கத்து வெயில் இதற்கு வாய்ப்பானது. அதனால்தான் தமிழ்நாட்டில் சாணி உள்ளே 30 நாள் இருந்தால் போதும் என்ற கணக்கில் தொட்டி கட்டுகிறார்கள், குளிர்ப் பிரதேசங்களில் 55 நாள்வரை போகும். மார்கழி, தை மாதங்களில் வாயு குறையும். ஜவ்வாது மலையிலும் ஏலகிரியிலும் இன்னும் குறையும்.

எந்த மாடல் நல்லது?

மூன்று வகை புழக்கத்தில் இருக்கிறது. இரும்பு மூடி மேலே மிதக்கும் வகையைக் கதர் கிராமத் தொழில் ஆணையம் 1960களிலிருந்து பரப்பியது. மூடி ஏறி இறங்குவதைப் பார்த்தே எவ்வளவு வாயு இருக்கிறது என்று சொல்லிவிடலாம், அழுத்தமும் சீராக இருக்கும். ஆனால் இரும்பு துருப்பிடிக்கும், வருடா வருடம் பெயின்ட் அடிக்க வேண்டும். இரண்டாவது, 1984இல் வந்த தீனபந்து. முழுக்கச் செங்கல், சிமென்ட், மண்ணுக்கடியில் கவிழ்த்த கூடுபோல இருக்கும். செலவு குறைவு, துரு கிடையாது. ஆனால் அந்த வளைவை வாயு கசியாமல் பூசத் தெரிந்த கொத்தனார் வேண்டும். வீடு கட்டும் மேஸ்திரி எல்லாருக்கும் அது வராது. மூன்றாவது பை வகை. குழி வெட்டி ஒரே நாளில் விரித்துவிடலாம். எலியும் ஆட்டுக்கொம்பும் வெயிலும் அதற்கு எதிரி.

கைதேர்ந்த கொத்தனார் கிடைத்தால் தீனபந்துவுக்கே என் ஓட்டு. கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி, வெயில் படும் இடத்தில், தொழுவத்துக்கும் அடுப்படிக்கும் பக்கமாக வையுங்கள். மரத்தடியில் வேண்டாம், வேர் வந்து சுவரைப் பிளக்கும்.

எங்க ஊர்ல பழைய தொட்டி பத்து இருக்கு, பத்தும் பாழாக் கிடக்கு. அப்போ இது தோத்துப்போன திட்டம்தானே?

இந்தக் கேள்விதான் எல்லாவற்றிலும் முக்கியம். மத்திய அரசின் சாண எரிவாயுத் திட்டம் 1981-82இல் தொடங்கியது. அதன் பிறகு நம் ஊர்களில் கட்டியவற்றில் பல இன்று துணி துவைக்கும் கல்லாகவும் கோழி அடைக்கும் இடமாகவும் மாறிவிட்டன. கிட்டே போய்ப் பார்த்தால் சுவர் நன்றாகத்தான் இருக்கும். கலக்கும் தொட்டியில் சிமென்ட் வெளுத்து, குழாய் வாயில் காய்ந்த சாணி அடைத்திருக்கும்.

அவை கெட்டுப்போய் நிற்கவில்லை, தீனி இல்லாமல் நின்றன. டிராக்டர் வந்ததும் உழவு மாட்டை விற்றார்கள். மேய்ச்சல் நிலம் போனது. பிள்ளைகள் ராணிப்பேட்டை தொழிற்பேட்டைக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போனார்கள். தினமும் சாணி கரைத்து ஊற்றும் வேலை வீட்டுப் பெண்கள் தலையில் விழுந்தது. 2016இல் ஏழை வீட்டுப் பெண்களுக்குக் கேஸ் இணைப்பு தரும் உஜ்வலா திட்டம் வந்தபின், குழாயைத் திருகினால் எரியும் சிலிண்டர் பக்கத்திலேயே இருக்க, நான்கு குடம் தண்ணீர் தூக்கிச் சாணி மிதிக்க யாருக்கு மனம் வரும்? மானியம் தொட்டி கட்டுவதற்கு வந்தது, ஓட்டுவதற்கு வரவில்லை. அதிகாரிகள் எத்தனை கட்டினோம் என்று எண்ணினார்கள், எத்தனை எரிகிறது என்று எண்ணவில்லை.

ஆகவே கட்டும் முன் வீட்டில் ஒரு பேச்சு நடக்க வேண்டும். தினமும் அரைமணி நேரம் யார் கொடுப்பது? ஆண்பிள்ளைகள் வாயைத் திறக்காமல் இருந்தால் கட்டாதீர்கள்.

வைக்கோல், கரும்புச் சோகை, வேர்க்கடலைச் செடி எல்லாம் போடலாமா?

சாணத் தொட்டியில் போடாதீர்கள். வைக்கோலில் கரிச்சத்து மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. ஒரு பங்கு தழைச்சத்துக்கு 80 பங்கு கரிச்சத்து என்று போகும். நுண்ணுயிருக்கு 20 முதல் 30 வரை இருந்தால்தான் தோது, சாணி அந்த அளவில்தான் இருக்கிறது. அதுகூடப் பெரிய சிக்கல் இல்லை. வைக்கோல் மிதக்கும். பத்து நாளில் மேலே வந்து சேர்ந்து, காய்ந்து, கையால் தட்டினால் பாய்போல டப்பென்று சத்தம் கேட்கிற அளவுக்கு இறுகிவிடும். அடியில் வாயு குமிழ்விடும், மேலே வர வழியிருக்காது. அந்த ஏட்டை உடைக்க ஆளிறங்கினால் உயிருக்கு ஆபத்து, அதைப் பின்னால் சொல்கிறேன்.

பஞ்சாபில் வைக்கோலை வயலிலேயே கொளுத்துகிறார்கள். நம்மிடம் வைக்கோலுக்குப் போட்டி. அறுவடை இயந்திரம் போனதும் கட்டு கட்டும் வண்டி வந்து நிற்கிறது. வேர்க்கடலைச் செடியும் அப்படித்தான், மாட்டுக்கு அதைவிட நல்ல தீவனம் கிடையாது. இவற்றை மாட்டுக்குப் போட்டு, மாடு போடுவதைத் தொட்டிக்குப் போடுங்கள். கரும்பின் காய்ந்த இலையான சோகை மட்டும் வேறு. வெட்டு முடிந்ததும் பலர் அதற்குத் தீ வைக்கிறார்கள். அதை வரிசைகளுக்கு நடுவே மூடாக்காகப் பரப்பினால் வெட்டிய கட்டையிலிருந்து துளிர்க்கும் கட்டைப் பயிருக்கு ஈரம் நிற்கும், களையும் அமுங்கும். எரிபொருளாக்க அலைவதைவிட இதுதான் லாபம் என்பது என் எண்ணம்.

அப்போ காய்ந்த கழிவில் எதுதான் எரிபொருளாகும்?

உமி, கடலைத் தோல், மரத்தூள், தென்னை மட்டை, வேலிக்காத்தான். ஈரமானதைத் தொட்டிக்கு அனுப்பு, காய்ந்ததை அடுப்புக்கு அனுப்பு என்று பிரித்துக்கொள்ளலாம்.

உமிக்கு நம் பக்கம் ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஆரணிப் பக்கத்து அரிசி ஆலைகளில் நெல் அவிக்கும் பாய்லருக்கு அதுதான் தீனி. கிலோவுக்கு 3,000 கிலோகலோரிக்கு மேல் சூடு தரும். ஆனால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும், அந்தச் சாம்பலும் பெரும்பகுதி சிலிக்கா. கடலைத் தோல் அதைவிடச் சூடு, சாம்பலும் குறைவு.

இவற்றின் தொல்லை எடையல்ல, இடம். லாரி நிறைய உமி ஏற்றினாலும் எடை ஏறாது, டீசல்தான் ஏறும். அதற்குத்தான் கட்டியாக அழுத்தும் இயந்திரம். பத்து சதவீத ஈரத்துக்குள் காயவைத்து அழுத்தினால், மரப்பொருளிலுள்ள லிக்னின் சூட்டில் இளகிப் பசைபோலப் பிடித்துக்கொள்ளும், தனியாகப் பசை வேண்டாம். மழைக்காலத்தில் காயவைக்கக் கொட்டகை இல்லாமல் இந்தத் தொழிலில் இறங்காதீர்கள். பாய்லர் வைத்திருக்கும் தொழிற்சாலைகள்தான் வாங்குகிறவர்கள். வாங்குகிறவரோடு முதலில் பேசிவிட்டு இயந்திரம் வாங்குங்கள்.

விறகைக் குறைந்த காற்றில் எரித்து வாயுவாக்கும் கேசிஃபையரும் உண்டு. தார் வடிகட்டத் தெரிந்த ஆள் பக்கத்திலேயே இருக்க வேண்டும். அந்த வாயுவில் கார்பன் மோனாக்சைடு உண்டு. அதற்கு வாசனை கிடையாது, ஆளை அப்படியே சாய்த்துவிடும். வீட்டுக்கு வேண்டாம்.

மாடே இல்லை. சோறு, காய்கறிக் கழிவில் ஓடுமா?

ஓடும், சாணியைவிட நன்றாகவே ஓடும். மாடு தின்று சத்தெடுத்தபின் மிஞ்சுவதுதான் சாணி, சோற்றில் சத்து முழுசாக இருக்கிறது. சாணி 25 கிலோ தரும் வாயுவை உணவுக் கழிவு சுமார் 10 கிலோவே தந்துவிடும். ஆம்பூர் பிரியாணிக் கடைக்கும் குடியாத்தம் கல்யாண மண்டபத்துக்கும் கிராமத்து அரசுப் பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்கும் இது பொருந்தும்.

ஆனால் வேகமான அமிலக் கூட்டம் பற்றி மேலே சொன்னேனே, இங்கேதான் அது விளையாடும். முகூர்த்த நாளில் மிஞ்சிய அண்டாச் சோற்றை ஒரேயடியாகக் கொட்டினால் தொட்டி புளித்துவிடும். புளித்த மாவு நாற்றம் வரும், அடுப்பு பற்றாது. அப்படியானால் தீனியை நிறுத்திவிட்டு, தினமும் கொஞ்சம் சாணிக் கரைசல் ஊற்றிப் பொறுத்திருங்கள். தொடங்கும்போதே முதல் ஊற்று சாணியாகத்தான் இருக்க வேண்டும், நுண்ணுயிர் அதில்தான் இருக்கிறது. எலும்பு, முட்டை ஓடு, தேங்காய் நார், எலுமிச்சைத் தோல் வேண்டாம்.

கோழி எரு?

சாணியோடு கலந்து கொஞ்சமாகப் போடலாம். தனியாகப் போட்டால் அமோனியா ஏறி நுண்ணுயிரைக் கொல்லும். எருவோடு வரும் மணலும் அடியில் தங்கும்.

தோல் பதனிடுற தொழிற்சாலைக் கழிவு இவ்வளவு இருக்கே, அதைப் போட்டா என்ன?

வீட்டுத் தொட்டியில் ஒருக்காலும் போடாதீர்கள். பதனிடும்போது குரோமியம் ஏறிய தோல் துண்டும் சீவலும் நுண்ணுயிரையும் கெடுக்கும், வெளியே வரும் எருவழியாக நிலத்தையும் கெடுக்கும். வாணியம்பாடி, ஆம்பூர், ராணிப்பேட்டை விவசாயிகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுண்ணாம்பில் ஊறியபின் சுரண்டி எடுக்கும் சவ்வுச் சதை மட்டும் குரோமியம் சேரும் முன்னாலேயே வருவது. அதிலிருந்து மீத்தேன் எடுக்கும் நிலையம் மேல்விஷாரத்தில் அமைத்தார்கள். ஆனால் அது சுண்ணாம்பையும் சல்பைடையும் அளந்து ஓட்டும் தொழிற்சாலை வேலை.

பாலாறே மணலா கிடக்கு. தொட்டிக்குத் தண்ணிக்கு எங்கே போறது?

சாணிக்குச் சமமாகத் தண்ணீர் என்பது சட்டம். 50 கிலோவுக்கு 50 லிட்டர், நான்கு குடம். நல்ல தண்ணீர் வேண்டியதில்லை. தொழுவம் கழுவிய தண்ணீரும் மாட்டு மூத்திரமும் போதும், அரிசி களைந்த நீர் இன்னும் நல்லது. வெளியே வரும் கரைசலின் தெளிநீரில் ஒரு பங்கைத் திரும்ப ஊற்றலாம். சோப்புத் தண்ணீர், பினாயில் தண்ணீர் கூடாது. மாட்டுக்கே டிராக்டர் தண்ணீர் வாங்கும் ஊராக இருந்தால் இந்த எண்ணத்தை ஒத்திப்போடுங்கள்.

கேஸ் வருது, ஆனா எரியல. வரவே இல்ல. எரிஞ்சு அணையுது. என்ன செய்ய?

புதுத் தொட்டி என்றால் முதல் இரண்டு மூன்று வாரம் பொறுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் கரியமில வாயு, அதைத் திறந்து வெளியே விட்டுவிட வேண்டும்.

ஓடிக்கொண்டிருந்த தொட்டியில் தீ துடித்துத் துடித்து எரிந்தால், குழாயில் தண்ணீர் நிற்கிறது. வாயு ஈரத்தோடு வரும், குளிர்ந்ததும் குழாயின் பள்ளத்தில் நீராகத் தேங்கும். அந்தப் பள்ளத்தில் ஒரு வடிகுழாய் இருக்க வேண்டும், வாரத்துக்கொரு முறை திறந்து விட வேண்டும். குழாய் பதிக்கும்போதே சாய்வு பார்க்காவிட்டால் இந்தத் தொல்லை தீராது. தீ மஞ்சளாக எரிந்தால் அடுப்பின் காற்றுத் துளையைக் கொஞ்சம் திறங்கள், நீலமாகும். சிலிண்டர் அடுப்பை அப்படியே மாட்டினால் சரியாக எரியாது. சாண வாயுவுக்குப் பெரிய துளையுள்ள அடுப்பு தனியாக உண்டு.

வாயுவே வரவில்லை என்றால் இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவு பாருங்கள். தீக்குச்சி கொளுத்திப் பார்க்காதீர்கள்.

வெடிக்குமா?

காற்றில் 5 முதல் 15 சதவீதம் மீத்தேன் கலந்தால் பொறி பட்டு வெடிக்கும். அடைத்த அறையில் கசிந்தால்தான் அந்த நிலை வரும், அடுப்படிக்குச் சன்னல் இருக்கட்டும். ஆனால் நான் பயப்படுவது வெடிப்புக்கல்ல, குழிக்கு. தூர் வாரவோ ஏட்டை உடைக்கவோ தொட்டிக்குள் ஆள் இறங்கக் கூடாது. உள்ளே பிராணவாயு இருக்காது, ஹைட்ரஜன் சல்பைடு இருக்கும். அது அதிகமானால் மூக்கு மரத்துப்போகும், நாற்றமே தெரியாது. ஒருவர் மயங்கி விழ, தூக்கப்போன அண்ணன் தம்பியும் விழுவார்கள். கழிவுநீர்த் தொட்டிச் சாவுகளில் நடப்பதுதான் இங்கும் நடக்கும். கரைசலை பம்பு வைத்து வெளியே எடுங்கள். திறந்து பலநாள் ஆறவிட்டாலும், தெரிந்த ஆள் இல்லாமல் யாரையும் இறக்காதீர்கள். கரைசல் விழும் குழி மேல் பலகையும் வேலியும் போடுங்கள், குழந்தைகள் விளையாடும்.

சாணியை எரிச்சுட்டா நிலத்துக்கு எருவு?

எரிப்பது வாயுவை மட்டும். வறட்டி தட்டி எரித்தால்தான் தழைச்சத்து புகையாகப் போகும். தொட்டிவழி வந்தால் தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் கரைசலில் இருக்கும், களை விதையும் பெரும்பாலும் செத்திருக்கும். உண்மையில் இந்தக் கரைசல்தான் வரவு, அடுப்புத் தீ உபரி என்று சொல்லும் காய்கறி விவசாயிகள் உண்டு, நானும் அந்தக் கட்சி. வெயிலில் கொட்டிக் காயவிட்டால் தழைச்சத்து பறந்துவிடும். சருகோ சோகையோ போட்ட குழியில் இறக்கி மக்கவையுங்கள், அல்லது பாசன வாய்க்காலில் கலந்துவிடுங்கள்.

கரன்ட் எடுக்கலாமா?

ஒரு கன மீட்டரில் ஏறக்குறைய ஒன்றரை யூனிட் வரும். வீட்டுத் தொட்டிக்கு இது வெட்டி வேலை. பம்புசெட்டுக்கு அரசே இலவச மின்சாரம் தரும் மாநிலத்தில் இந்தக் கணக்கு இன்னும் உதைக்கும். நூறு மாடு உள்ள பண்ணைக்கு யோசிக்கலாம், கந்தகத்தை வடிகட்டிவிட்டுத்தான் இயந்திரத்துக்கு விட வேண்டும்.

ஊரே சேர்ந்து ஒன்று போடலாமா?

செவ்வாய்க்கிழமை பொய்கை மாட்டுச் சந்தை கலைந்தபின் அந்த மைதானத்தைப் பாருங்கள், இந்த ஆசை வராமல் இருக்காது. ஆனால் அந்தச் சாணி வாரத்தில் ஒரு நாள் வரும், தொட்டிக்குப் பசி ஏழு நாளும் எடுக்கும். கூட்டுத் தொட்டியில் தினமும் சாணி கொண்டுவந்து தருகிறவருக்குக் கிலோவுக்கு இவ்வளவு என்று கையில் காசு கொடுத்தால் ஓடும். ஊர்ப் பொதுவென்று விட்டால் இரண்டாம் மாதம் யாரும் வரமாட்டார்கள்.

பெரிய அளவில் வாயுவைச் சுத்தப்படுத்தி, மீத்தேனை 90 சதவீதத்துக்கு மேல் ஏற்றி, அழுத்தி வண்டிக்கு நிரப்பும் திட்டத்தை 2018இல் மத்திய அரசு அறிவித்தது. நாமக்கல்லில் அப்படியொரு நிலையம் வந்தது. அதற்குத் தினம் டன் கணக்கில் கழிவு வேண்டும். கரும்பாலையில் வடிகட்டி ஒதுக்கும் சேறு அதற்கு நல்ல தீனி. பஞ்சாயத்து செய்யக்கூடிய வேலையல்ல, ஆலையும் முதலீடும் சேர வேண்டும்.

மானியம் யார்கிட்ட கேட்கிறது?

மத்திய புதுப்பிக்கத்தக்க எரிசக்தி அமைச்சகம் 2022இல் தேசிய உயிரி எரிசக்தித் திட்டத்தை அறிவித்தது, சிறு தொட்டிகளுக்கான மானியம் அதன்கீழ் வந்தது. தொட்டியின் அளவைப் பொறுத்துத் தொகை மாறும், பட்டியல் சாதி, பழங்குடிக் குடும்பங்களுக்குக் கூடுதல். தொகையும் விதியும் மாறிக்கொண்டே இருப்பதால், குழி வெட்டும் முன் உங்கள் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் இப்போதைய நிலையைக் கேட்டு, ஒப்புதல் கையில் வந்தபின் வேலையைத் தொடங்குங்கள். கட்டிவிட்டுக் கேட்டால் கிடைப்பது கடினம். தொழில்நுட்ப யோசனைக்கு விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்கலாம். கட்டித்தரும் ஏஜென்சியிடம், அவர்கள் மூன்று வருடத்துக்கு முன் கட்டியதில் இன்றும் எரியும் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். போய்ப் பார்க்கும்போது அடுப்பைப் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள்.